ஒற்றைக் காலூன்றி

துல்லியோவுக்கு நிற்பது பிடிக்காது.
ஃபெராராவின் மதில்களை ஒரு சுற்று
ஒரே மூச்சில் சுற்றி முடித்த பிறகுதான்
காலை வணக்கமே சொல்வான்.
அவன் மனைவி இவானா
அரைச் சக்கரம் பின்னால்,
எதிர்க்காற்றை அவன் முதுகில் கட்டிவிட்டு
பேசிக்கொண்டே வருவாள்.
நான் எங்கே என்று கேட்காதீர்கள்.
எங்கோ ஒரு கொக்கின் எதிரில்.

திங்கள் முதல் வெள்ளி வரை
பிறர் பற்களைச் செய்கிறேன்.
மெழுகு, பீங்கான், ஒரு சின்ன அரம்.
யார் சிரிப்பென்று தெரியாமலே
அதற்கு நிறம் தேர்கிறேன்:
புகைபிடிப்பவரா, வெறும் காப்பிதானா.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
கண்ணுக்கு வேறு வேலை.

கொக்கு நின்றால் நிற்பேன்.
உழுத வயல் நடுவே யாரோ போட்டுவிட்டுப் போன
நீல நாற்காலிக்கு நிற்பேன்.
ஒரு கால் மிதிகட்டையில், ஒரு கால் மண்ணில்,
மூச்சடக்கி
நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு.
அவ்வளவுதான் உலகத்திடம் கேட்கிறேன்.
கையுறை கழற்ற ஒரு நிமிடம்,
ஒளி அளக்க இன்னொன்று,
கொக்கு திரும்பிப் பார்க்க நான்கு
என்பதெல்லாம் கணக்கில் வராது.

துல்லியோவின் கணக்கில் வரும்.
பொன்தெலாகோஸ்குரோவில்
பாலத்தடி பாருக்கு நான் போய்ச் சேரும்போது
காப்பி ஆறியிருக்கும்.
கைக்கடிகாரத்தில் சராசரி வேகத்தைக் காட்டுவான்,
என் குற்றத்துக்கு ரசீது போல.
"ஓட்ட வந்தாயா, நிற்க வந்தாயா, ஓர்னெல்லா?"

நவம்பரில் இரண்டாவது ஞாயிறு.
நதியின் பெயர் போ.
மூடுபனிக்குள் அது போய்க்கொண்டிருப்பது
காதுக்கு மட்டும் தெரிந்தது.
கரைமேட்டின் கீழே
வரிசை பிடித்து நட்ட பாப்ளர் மரங்கள்.
ஒன்பது எண்ணினேன்.
பை திறப்பதற்குள் ஏழு.
குவியம் திருப்புவதற்குள் நான்கு.
கேமராவிலிருந்து கண்ணை எடுத்தபோது
முன்னால் யாருமில்லை.
மிதிக்காத சக்கரங்களின் சிள்வண்டுச் சத்தம்
கொஞ்ச தூரம் கேட்டது,
அப்புறம் அதுவும் இல்லை.

பயம் என்று சொல்ல மாட்டேன்.
மூன்று முறை மணி அடித்தேன்.
மூன்றாவது முறை கொஞ்சம் நீளமாக.

விளக்குதான் முதலில் வந்தது.
பின்னால் துல்லியோ,
மீசையெல்லாம் நீர்,
திட்டுவதற்கு வாயைத் திறந்தபடி.
நான் முந்திக்கொண்டேன்:
"மரங்கள் போகின்றன, பார்."
என்ன நினைத்தானோ,
கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தான்.
"ஒன்றுமே தெரியவில்லை" என்றான்.
ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

தூரத்தில் ஒரு படகு மோட்டார் இருமி அடங்கியது.
என் விரல்கள் மரத்துப்போயின.
கைக்கடிகாரம் அவன் மணிக்கட்டில்
நகராத ஒருவனை
நகராதவன் என்றே குறித்துக்கொண்டிருந்தது.

கேட்காமலே பொத்தானை அழுத்தினான்.
"மன்னிக்கணும், கை பட்டுவிட்டது."
கை பட்ட மாதிரி இல்லை.

வியாழன் இரவு
குளியலறைக் கதவிடுக்கில் துண்டைத் திணித்து
சுருளைக் கழுவினேன்.
என் மகன் பல் தேய்க்க வேண்டுமென்று
கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான்.
முப்பத்தியாறில்
என் மரங்கள் பதினொன்று,
எல்லாம் நேராக, ஒழுங்காக,
நான் செய்யும் பற்களைப் போல.
இருபத்துமூன்றாவது என்னுடையதல்ல.
வானம் ஒரு பக்கம் வழிகிறது,
மரங்கள் குடிகாரர்கள் போலச் சரிகின்றன,
ஓரத்தில், கூப்பிடாமல் வந்து,
காத்திருக்கிற என் முன்சக்கரம் பாதி.

அதை மட்டும் பெரிதாக்கி
அடுத்த ஞாயிறு பாருக்குக் கொண்டுபோனேன்.
சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்து
வெகுநேரம் பார்த்தான்.
இவானா கண்ணாடியைத் தேடினாள்.
"சாய்ந்திருக்கிறதே" என்றான் கடைசியில்,
என்னவோ நான் சாய்த்த மாதிரி.

மரம் சாயவில்லை துல்லியோ.
நீ ஒற்றைக் காலில் நின்றாய்.